கிளிஞ்சல் மேடும் கி.மு. கணக்கும்

அந்தமானுக்குப் போகிற தமிழர் பார்த்துவிட்டு வரும் இடங்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செல்லுலார் சிறை, மரவேர்கள் சுவரைப் பிடித்துத் தொங்கும் ராஸ் தீவு, ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை, நேரம் இருந்தால் பாராடாங் சுண்ணாம்புக் குகை. பட்டியலில் இல்லாதது கிளிஞ்சல் மேடு. பார்த்தாலும் தெரியாது. கடலோரக் காட்டுக்குள் புல்லும் கொடியும் மூடிய சாதாரண மண்மேடு போலத்தான் இருக்கும். கம்பால் கிளறினால் மண்ணோடு சேர்ந்து சரிவது கிளிஞ்சல். கிளிஞ்சலுக்கு நடுவே காட்டுப்பன்றி எலும்பு, ஆமை ஓடு, மீன் முள், பானை ஓடு, வெங்கச்சங்கல் சில்லு.

இந்தத் தீவுகளின் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து தின்று, எறிந்து, எறிந்ததன் மேலேயே மறுபடி குடிசை போட்டு வாழ்ந்த இடம் அது. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் காட்டில் தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் கிடைப்பது பெரிய சௌகரியம். ஆகவே அது குப்பை மட்டும் அல்ல, வீட்டுத் திண்ணையும்கூட. அந்தமானின் எழுதப்படாத வரலாறு முழுவதும் ஏறக்குறைய இந்த மேடுகளில்தான் இருக்கிறது. ஆனால் மேடு தானாகப் பேசாது. கடந்த 150 ஆண்டுகளில் மேட்டைத் தோண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோண்டியிருக்கிறார்கள்.

முதலில் எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1870-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் அந்தமான் மேடுகளைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். அதே துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கோடரியை எடுத்தது 1863-ல். இந்தியாவின் தொல்பழங்காலத்தைக் கண்டுபிடித்தவர்கள் நிலக்கரியும் பாறையும் தேடப் போன புவியியலாளர்கள் என்பது ஒரு வேடிக்கை.

ஸ்டோலிச்கா மேட்டுக்கு வைத்த பெயர் டேனிஷ் மொழிப் பெயர். அடுக்களைக் குப்பை என்று அர்த்தம். டென்மார்க்கின் கடற்கரையில் இதே மாதிரி மேடுகளை ஆராய்ந்து, அவை கற்கால மனிதன் விட்டுப்போனவை என்று அந்நாட்டு அறிஞர்கள் 1850-களில் நிலைநாட்டியிருந்தார்கள். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்ற ஏணியும் அதே டென்மார்க்கில் செய்ததுதான். பெயரோடு ஏணியும் சேர்ந்து அந்தமானுக்குக் கப்பல் ஏறிவிட்டது. டென்மார்க் மேட்டில் எலும்பை எறிந்தவன் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்தவன். அந்தமான் மேட்டின் மேலோ ஆள் உட்கார்ந்திருந்தார். ஏணிக் கோட்பாட்டுக்கு இதில் சங்கடமே இல்லை. உட்கார்ந்திருப்பவரே கற்கால மனிதர் என்று சொல்லிவிட்டது.

பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று பிரித்துப் பெயர் சூட்டிய ஜான் லப்பக், 1865-ல் வெளியிட்ட நூலில் வரலாற்றுக்கு முந்திய ஐரோப்பாவை விளக்க 'இன்றைய காட்டுமிராண்டிகள்' என்று ஒரு வரிசையைச் சேர்த்தார். அந்தமானியரும் அதில் உண்டு. போர்ட் பிளேரில் அதிகாரியாக இருந்த இ.எச். மேன் உண்மையிலேயே உன்னிப்பான மனிதர். மொழியைக் கற்றார், அந்தமானியர் நரமாமிசம் தின்பவர்கள் என்ற பழைய புரளியை மறுத்தார். ஆனால் அவர் சேகரித்த வில்லும் கூடையும் பிட்-ரிவர்ஸின் கைக்குப் போயின. எளியதிலிருந்து சிக்கலானதுக்கு என்று வரிசைப்படுத்துவதுதான் அந்தச் சீமானின் கொள்கை. நேற்று முடைந்த கூடை, கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் ஆதிகாலக் கூடை ஆகிவிட்டது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கூடை முடைந்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1858-ல் கைதிகள் குடியேற்றம் வந்தது. 1877-ல் தட்டம்மை வந்தது. பால்வினை நோயும் பரவியது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் பெரிய அந்தமானியர் எனப்படும் பத்துக் குழுக்களையும் சேர்த்து 625 பேர். 1961-ல் 19 பேர்.

1906-லிருந்து 1908 வரை ராட்கிளிஃப்-பிரவுன் அங்கே தங்கியது இந்த வீழ்ச்சியின் நடுவில்தான். பின்னாளில் மானிடவியலின் பெரிய தலைகளில் ஒன்றான அவர், போகும்போது வேறு கோட்பாட்டோடு போனார். பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மக்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படிப் பரவினார்கள் என்று கண்டுபிடிக்கும் கோட்பாடு அது. திரும்பி வந்து 1922-ல் புத்தகம் வெளியிடுவதற்குள் மனம் மாறிவிட்டது. சமூகம் ஓர் உடல் மாதிரி, ஒவ்வொரு சடங்கும் அந்த உடலுக்கு ஒரு வேலை செய்கிறது, பழைய வரலாற்றை ஊகிப்பது வீண் என்று எழுதினார். பழைய ஆராய்ச்சி என்னவாயிற்று? புத்தகத்தின் கடைசியில் பின்னிணைப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வில், அம்பு, பானை, பாய் என்று நீளும் அந்தப் பகுதியையும் முன்பகுதியையும் இரண்டு வேறு ஆசிரியர்கள் எழுதியது போலவே இருக்கும். ஒரே ஆள், ஒரே குறிப்பேடு, ஒரே அட்டைக்குள் இரண்டு அந்தமான்கள். முன்பகுதியைப் படிப்பவருக்கு அந்தச் சமூகம் அம்மையாலும் சிறைக் குடியேற்றத்தாலும் நொறுங்கிக்கொண்டிருந்தது என்பது சுலபத்தில் பிடிபடாது. வரலாறு வேண்டாம் என்று கோட்பாடு சொன்னதும், கண்ணெதிரே நடந்த வரலாறும் ஓரத்துக்குப் போய்விட்டது.

மேடுகளை அடுக்கடுக்காகத் தோண்டியவர் லிடியோ சிப்ரியானி. 1950-களின் தொடக்கத்தில் இந்திய மானிடவியல் துறைக்காகச் சிறிய அந்தமானில் ஓங்கே மக்களிடையே வேலை செய்தார். அதற்கு முன் இத்தாலியில், 1938-ல், முசோலினி அரசின் இனவெறி அறிக்கையில் கையெழுத்திட்ட அறிஞர்களில் ஒருவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேட்டின் கீழ் அடுக்குகளில் நல்ல மண்ணில் நன்றாகச் சுட்ட பானை ஓடுகளும், மேலே வரவர மட்டமான ஓடுகளும் கிடைப்பதை அவர் கவனித்தார். அவருக்கு அது சரிவின் கதை. முன்னோர் கெட்டிக்காரர்கள், வழிவந்தவர்கள் தேய்ந்துபோனவர்கள்.

ஆனால் அதே ஓட்டை வேறு மாதிரியும் படிக்கலாம். கரையொதுங்கிய கப்பலிலிருந்தோ குடியேற்றத்திலிருந்தோ இரும்புச் சட்டியும் தகர டப்பாவும் கிடைக்கத் தொடங்கிய பிறகு, மண் பிசைந்து மெனக்கெட யாருக்கு அவசியம்? எவர்சில்வர் வந்த பிறகு நம் வீடுகளில் மண்சட்டி என்ன ஆயிற்று? அதை யாரும் தமிழர் அறிவின் தேய்வு என்று எழுதவில்லை. தவிர, வேட்டையாடிச் சேகரித்து வாழ்பவர்கள் பானை செய்வதே ஏணிக் கோட்பாட்டுக்கு ஒவ்வாத சங்கதி. பானை விவசாயிக்கு உரியது என்பது அதன் விதி. டென்மார்க் மேடுகளிலேயே வேட்டைக்காரர்களின் பானைகள் இருந்தன என்பதைப் பின்னால் வந்தவர்கள் மறந்தது ஆச்சரியம்தான்.

1980-களில் புனே டெக்கான் கல்லூரியிலிருந்து ஸரீன் கூப்பர் வந்தார். உலகத் தொல்லியல் அதற்குள் புரண்டு படுத்திருந்தது. பானைகளை வகைபிரித்து இனங்களின் பட்டியல் தயாரித்தது போதும், மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், குப்பை எப்படிக் குப்பையாகிறது என்று பாருங்கள் என்று லூயிஸ் பின்ஃபோர்ட் போன்றவர்கள் அமெரிக்காவில் 1960-களிலிருந்து சொல்லிவந்தார்கள். உயிரோடிருக்கும் வேட்டைக்காரர்களின் முகாமுக்கே போய், தின்ற எலும்பை எங்கே எறிகிறார்கள் என்று பார்க்கும் முறை பிறந்திருந்தது. இந்தக் கேள்விகளோடு கூப்பர் அந்தமான் கரைகளில் மேடு மேடாகத் தேடினார். தெற்கு அந்தமானின் சவுல்தாரியில் ஒரு மேட்டைத் தோண்டினார். பாராடாங் தீவின் ஹாவா பீல் குகையிலும் தோண்டினார்.

சவுல்தாரி மேட்டின் கார்பன்-14 காலக்கணிப்பு: இன்றைக்கு முன் 2,280 ஆண்டுகள், 90 கூடக்குறைய. தோராயமாக கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டு. அசோகர் காலத்தை ஒட்டி, தமிழ்நாட்டில் பானை ஓட்டில் பெயர் கீறிக்கொண்டிருந்த நாள்களில், சவுல்தாரியில் யாரோ கிளிஞ்சலைச் சுட்டுத் தின்று ஓட்டை எறிந்திருக்கிறார்கள்.

கூப்பரின் வேலையில் தெரிவது உறைந்துபோன மக்கள் அல்ல, மாறிக்கொண்டே இருந்த மக்கள். வெங்கச்சங்கல் சில்லால் முடி மழித்தவர்கள், பாட்டில் கண்ணாடி கிடைத்ததும் அதே கைவாகில் கண்ணாடியை உடைத்துச் சில்லு செய்தார்கள். இதை உடைத்தவர்கள் பெண்கள் என்று மேன் அன்றே எழுதிவைத்திருக்கிறார். கற்கருவி என்றதும் தாடி வைத்த ஆணை வரையும் பாடப்புத்தக ஓவியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. எறிந்த இரும்பைத் தட்டி அம்புமுனை ஆக்கினார்கள். நாய் வந்தது. 1858-க்கு முன் அந்தத் தீவுகளில் நாயே கிடையாது. வந்த பிறகு பன்றி வேட்டையே மாறிவிட்டது. பழைய நாள்களுக்கு அவர்கள் வைத்த பெயரைக் கூப்பர் தன் கட்டுரை ஒன்றின் தலைப்பில் சேர்த்திருக்கிறார்: பிபிபொய்யே, நாய் இல்லாத காலம். தமிழ்க் காதுக்கு வேறு அர்த்தம் தொனிப்பது தற்செயல். நாயே இல்லாத இந்தத் தீவில்தான் நாய்த்தலை மனிதர்கள் வாழ்வதாக மார்க்கோ போலோ எழுதிவைத்தார் என்பது அதைவிட நல்ல தற்செயல். கி.மு., கி.பி. என்று நாம் காலத்தை ஒரு பிறப்பால் பிரிக்கிறோம். அவர்கள் ஒரு பிராணியால் பிரித்தார்கள். வரலாறு இல்லாத மக்கள் என்று பேர் வாங்கியவர்கள் இவர்கள்.

இங்கேதான் பெரிய சிக்கல். மேடு சொல்வது இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு. ரத்தமோ வேறு கணக்குச் சொன்னது. 2005-ல் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர், ஓங்கே மற்றும் பெரிய அந்தமானியரின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்து, இவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய முதல் மனிதக் கூட்டத்தின் வழியினர், பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்தவர்கள் என்று எழுதினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதற்கு நெருங்கிய தாய்வழிக் கிளைகள் கிழக்கு இந்தியாவிலும் தென்பட்டன. 2011-ல் வெளியான வேறொரு ஆய்வு, தீவுகளுக்கு அவர்கள் வந்தது இன்னும் பிந்தித்தான், சுமார் 24,000 ஆண்டுகளுக்கு முன் வடகிழக்கு வழியாக இருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும் மேட்டுக்கும் மரபணுவுக்கும் நடுவே இருபதாயிரம் ஆண்டு ஓட்டை.

ஓட்டையை அடைக்கும் விளக்கம் கடல். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்வு. வடக்கு, நடு, தெற்கு அந்தமான்கள் அப்போது ஒரே நிலம். கரையோரம் வாழ்ந்தவர்களின் மேடுகள் அன்றைய கரையில் இருந்திருக்கும். அந்தக் கரை இன்று கடலடியில். இதை நம்புவது போர்ட் பிளேர்க்காரர்களுக்குக் கஷ்டமல்ல. ஊருக்கு வெளியே சிப்பிகாட் பக்கம் போனால், நெல் விளைந்த வயல்கள் உவர்நீரில் கிடப்பதைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் அந்தப் பக்கத்து நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. வடக்கே சில கரைகள் மேலே எழும்பிப் பவளப்பாறை வெயிலில் காய்ந்தது. ஒரு காலை நேரத்தில் ஒரு மீட்டர் என்றால் இருபதாயிரம் ஆண்டுகளில் எவ்வளவு இருக்கும்!

விளக்கம் அழகானது. அழகானது என்பதாலேயே எச்சரிக்கையும் வேண்டும். கடலடியில் ஒரு மேட்டையாவது கண்டெடுக்கும்வரை, 'சான்று இல்லை, ஏனென்றால் மூழ்கிவிட்டது' என்பது எதையும் தாங்கிக்கொள்ளும் பதில். குமரிக்கண்டம் பேசிப் பழகிய நமக்கு அந்தப் பதிலின் சுகம் தெரியும்.

மரபணு ஆய்வில் தவறு இல்லை. அதைச் சுற்றிக் கட்டிய கதையில்தான் பழைய ஏணி திரும்பி வந்துவிட்டது. 2009-ல் டேவிட் ரைக்குடன் ஐதராபாத் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியரின் பழைய மூதாதைக் கூறுக்கு ஓங்கே மக்கள் தூரத்து உறவு என்று காட்டியது. உடனே 'முதல் இந்தியர்', 'நம் மூதாதையர் இன்னும் உயிரோடு' என்று பேச்சு. ஓங்கே நமக்குப் பாட்டன் அல்ல, தூரத்துப் பங்காளி. பிரிந்த நாளிலிருந்து நமக்கு எத்தனை ஆண்டு ஓடியதோ அத்தனை ஆண்டு அவர்களுக்கும் ஓடியிருக்கிறது. நம் வீட்டுக் கடிகாரம் ஓடியது, பங்காளி வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது என்பது எந்த ஊர் நியாயம்?

ஓங்கே மக்களோடு வாழ்ந்து 1993-ல் புத்தகம் எழுதிய விஷ்வஜித் பாண்டியா இன்னொரு திசையில் கேட்டார்: அவர்களுக்கே எலும்பு என்றால் என்ன? எலும்பில் வாசனை தங்குகிறது, வாசனையைத் தொட்டு ஆவிகள் வருகின்றன, போகின்றன என்பது அவர்கள் உலகம். செத்த உறவினரின் தாடை எலும்பை மாலையாக அணிந்தவர்கள், மண்டையோட்டைத் தோளில் சுமந்தவர்கள் இந்தத் தீவு மக்கள். எந்த எலும்பு கழுத்துக்கு, எந்த எலும்பு மேட்டுக்கு என்பதில் ஓர் எண்ணம் இருந்திருக்கும். அடுக்களைக் குப்பை என்று பெயர் வைத்த அன்றே அந்தக் கேள்விக்குக் கதவு சாத்திவிட்டோம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அரசு போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றியது. ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கிய இடம் என்று அறிவிப்பில் பெருமையும் சேர்ந்தது. தமிழருக்குக் கேட்க இனிக்கும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடல்கடந்து வென்ற இடங்களில் மாநக்கவாரத்தைச் சொல்கிறது. அது நிக்கோபார் என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்ற முடிவு. ஆனால் மெய்க்கீர்த்தி வென்ற இடங்களின் வரிசைதான், தளங்களின் பட்டியல் அல்ல. நிக்கோபாரும் போர்ட் பிளேரும் ஒன்றல்ல, நடுவே பத்து டிகிரிக் கால்வாய் கிடக்கிறது. 1025-ல் சோழர் படை அடித்து நொறுக்கிய அரசின் பெயரும் ஸ்ரீவிஜயம்தான் என்பதை வேறு எப்படி மறப்பது? கல்வெட்டில் ஒரு சொல் இருந்தால் போதும், நிலத்தில் ஒரு தளம் முளைத்துவிடும் என்பதும் ஒரு கோட்பாடு. கீழடிக் காலக்கணிப்பைப் பற்றி டெல்லி கேள்வி எழுப்பும்போது கொதிக்கிற நாம், அதே கண்டிப்பை நமக்கு இனிக்கும் கதையிடமும் காட்டியாக வேண்டும். இந்தக் கதையில் அந்தமானின் பழைய குடிகளுக்கு வேடமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1789-ல் பிளேர் வருகிறார், அதற்கு முன் சோழர் வருகிறார், நடுவில் மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் காட்சியின் பின்திரை.

இது வெறும் பண்டிதர் சண்டை என்றால் விட்டுவிடலாம். அரசுக் கோப்பில் இந்தத் தீவுகளின் ஐந்து பழங்குடிகளுக்கு 2006 வரை இருந்த வகைப்பெயர் 'ஆதிநிலைப் பழங்குடிகள்'. பிறகு 'மிகவும் நலிவுறும்' என்று மாற்றினார்கள். அவர்கள் நலனைப் பார்க்க 1976-ல் அமைத்த சமிதியின் பெயரில் 'ஆதிம்' இன்னும் இருக்கிறது. சென்டினல் தீவு செய்திகளில் எப்போது வந்தாலும் 'கற்கால மனிதர்கள்' என்ற தலைப்பு தவறாமல் வரும். 1981-ல் அந்தத் தீவின் பாறையில் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் மோதி நின்றது. அதன் இரும்பைக் கழற்றி அம்புமுனை செய்தவர்கள் சென்டினல் மக்கள். இரும்பை வளைத்தாலும் கற்காலத்திலிருந்து அவர்களுக்கு விடுதலை இல்லை.

கற்காலத்தைப் பார்க்கப் பயணிகள் வருவார்கள், டாக்சிக்காரர் கூட்டிப்போவார். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் தொடங்கி ஜரவா காப்புக்காடு வழியாகப் போகும் பெருஞ்சாலையில் அப்படித்தான் நடந்தது. சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. உணவுக்காக ஜரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. இப்போது குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு, வரிசையாகத்தான் வண்டிகள் போக முடியும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆனாலும் ஜன்னல் இருக்கைக்குத்தான் போட்டி.

ஜலசந்தியைப் படகில் கடந்தால் பாராடாங். நீலாம்பூர் துறையில் ஆரஞ்சு நிற மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு, அலையாத்திக் காட்டு ஓடை வழியே சுண்ணாம்புக் குகைக்குப் படகுகள் புறப்படுகின்றன. கூப்பர் தோண்டிய ஹாவா பீல் குகை இருப்பதும் இதே தீவில்தான். படகுக்காரர்கள் காட்டுவது சுண்ணாம்புக் குகையில் சொட்டிச் சொட்டித் தொங்கும் கல்லை. யானை, தாமரை, பிள்ளையார் என்று அதில் தெரியும் உருவங்களை டார்ச் அடித்துக் காட்டுகிறார்கள். சொன்ன பிறகு எல்லோருக்கும் பிள்ளையார் தெரிகிறார்.